தலையை மட்டும் ஆட்டிய ஓணான்

எல்லா உயிர்களும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஓணானும் பேசும், கொஞ்சம் அதிகமாகவே பேசும். அது குடியிருந்த உடைமரத்தில் அதற்கு அடுத்த கிளையில் ஒரு தவிட்டுக்குருவி முள்ளுக்குள் கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. இரை தேடக் கிளம்பும்போதெல்லாம், "அண்ணே, பிள்ளைங்கள பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பறக்கும். ஓணான் தலையாட்டும். அந்த மரத்தில் தலையாட்டுவது வாக்குக் கொடுப்பதற்குச் சமம்.

ஒரு நண்பகலில் சாரைப்பாம்பு மரமேறி வந்தது. ஓணான் கிளையின் நுனிவரை ஓடிப் பார்த்தது. தப்பிக்க வழியில்லை.

"பயப்படாத. உன்னைத் தொடமாட்டேன்," என்றது பாம்பு. "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் ஒவ்வொரு கிளையா பாக்குறேன். குஞ்சு இருக்குற இடம் வந்ததும் தலைய மட்டும் ஆட்டு, போதும்."

வாயே திறக்கப் போவதில்லை, இதில் நம் பங்கு என்ன இருக்கிறது என்று ஓணான் நினைத்துக்கொண்டது. பயந்தவனுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் புத்தி நன்றாக வேலை செய்யும். பாம்பு முதல் கிளையைப் பார்த்தது. இரண்டாவதைப் பார்த்தது. மூன்றாவதில் ஓணான் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. குஞ்சுகளின் சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது.

இறங்கும்போது பாம்பு, "இனிமே நாம ரெண்டு பேரும் ஒண்ணு. மறுபடியும் வருவேன்," என்றது.

குருவி திரும்பி வந்து வெறுங்கூட்டைப் பார்த்தது. "அண்ணே, பிள்ளைங்க எங்க?"

"பாம்பு வந்துச்சும்மா. நான் கிட்டகூடப் போகல."

"முள்ளுக்குள்ள இருக்குற கூடு அதுக்கு எப்படித் தெரிஞ்சது? நீங்க காட்டினீங்களா?"

இல்லை என்று சொல்ல ஓணான் வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. தலை மட்டும் தானாக மேலும் கீழும் ஆடியது. நிறுத்திப் பார்த்தது, முடியவில்லை.

"நீ கொல்லல," என்றது குருவி. "கொன்னவனுக்கு உடந்தையா இருந்திருக்க." அது கத்தவில்லை, அழவுமில்லை. பாம்பைக் கண்டபோதுகூட ஓணான் அவ்வளவு பயப்படவில்லை. குருவி அந்த மரத்தை விட்டே போய்விட்டது.

தவிட்டுக்குருவிகள் அதற்குப் பிறகு அயலாரை நம்புவதில்லை. ஏழெட்டாகச் சேர்ந்தே திரிந்து, தங்கள் குஞ்சுகளுக்குத் தாங்களே காவல் இருக்கின்றன. ஓணானுக்கோ அந்த நாளில் போன பேச்சு இன்னும் திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தாலே போதும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுகிறது.