பெட்டியில் ஒரு வேண்டாம்

"மேடம், என் டெம்ப்ளேட்டில் தப்பே இல்லை. ஆனா மோட்டார் ஓடியிருக்கு," என்றார் திரவியம்.

"ரெண்டும் எப்படி அண்ணாச்சி ஒண்ணா நிக்கும்?" என்றாள் ரெபேக்காள்.

"அதைத்தானே உங்ககிட்ட கேக்கேன்."

குரு என்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஆபீஸ். கிராமத்துக் கிணற்று மோட்டார்களைப் போன் வழியாக ஓட்டவும் நிறுத்தவும் வைக்கிற சின்னக் கம்பெனி. அங்கே குரு ரெபேக்காள்தான். இன்னும் முப்பது ஆகவில்லை.

சீடர் திரவியத்துக்கு அந்த வயதில் மகள் இருக்கிறாள். பாலிடெக்னிக்கில் லேப் வாத்தியாராக இருந்தவர். காலேஜை மூடிவிட்டார்கள். தலை நரைத்தபின் இங்கே வந்து புரோகிராம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். லேசுப்பட்ட காரியமா அது?

இன்று அவரால் உட்காரவே முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

நேற்று மாடக்கண்ணு ஒரு கிணற்றுக்குள் இறங்கி பம்புக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். கம்பெனியின் மெக்கானிக் அவர். இறங்குவதற்கு முன் போனைத் திறந்து, 'மோட்டார் தானாக ஓடணுமா?' என்ற பெட்டியில் பதில் எழுதிவிட்டுத்தான் இறங்கினார். அப்படியும் கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடிவிட்டது. வெடுக்கென்று கையை உருவியதால் தோல் மட்டும் உரிந்தது. கை தப்பியது, யார் செய்த புண்ணியமோ.

இன்று கீழக்கரிசல் ஊர்க் கிணறு. அங்கேயும் பெல்ட் தேய்ந்துபோய்த் தண்ணீர் ஏறவில்லை. ஊரே குடத்தோடு நிற்கிறது. மாடக்கண்ணு கிணற்று விளிம்பில் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து போன் போடுகிறார்.

"நீங்க சொன்னாத்தான் சார் இறங்குவேன்."

"கொஞ்சம் பொறுங்க மாடக்கண்ணு. பார்ப்போம்."

ஊர் ஊருக்கு மோட்டார் இருந்தாலும், எப்போது ஓட, எப்போது நிற்க என்று சொல்லி எல்லாவற்றையும் நடத்துகிற கான்ஃபிக் ஃபைல் ஒரே அச்சில் வார்த்ததுதான். அந்த அச்சுதான் டெம்ப்ளேட். அதை எழுதியவர் திரவியம்.

"ஃபியூஸைப் பிடுங்கிட்டு இறங்கலாமே," என்றாள் ரெபேக்காள்.

"ஃபியூஸ் பெட்டிச் சாவி வச்சிருக்கிற ஆளு கல்யாணத்துக்குப் போயிட்டாராம். இப்ப கரண்ட் இல்லை. ஆனா எந்த நேரமும் வரும். வந்த நொடி மோட்டாரை ஓட்டுத கன்ட்ரோலர் என் ஃபைலைத்தான் படிக்கும்."

"மாடக்கண்ணு நேத்து பெட்டியில என்ன எழுதினார்?"

"வேண்டாம்னு எழுதினார் மேடம். தெளிவா, எழுத்துப் பிழையில்லாம எழுதியிருக்கார். நானே பாத்தேன்."

"உங்க வரி?"

"ஓடணும் என்றால் ஓடு. இதைவிடச் சின்னதா, அழகா யாரு எழுதுவா? சோதிச்சும் பாத்தேன். ஆம்னு எழுதினேன், ஓடிச்சு. பெட்டியைக் காலியா விட்டேன், ஓடலை. இதுக்கு மேல நான் என்னதான் செய்யட்டும்?"

மாடக்கண்ணுவின் கைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்து திரவியம் ராத்திரி பூராவும் கண்ணை மூடவில்லை.

ரெபேக்காள் எழுந்தாள். "வாங்க, சாப்பிடப் போவோம்."

"சாப்பாடா? இப்பவா? எனக்கு வேண்டாம் மேடம்."

"வாங்க அண்ணாச்சி."

குருவாயிற்றே. முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

கீழே மெஸ். பரிமாறுகிறவர் பெயர் ஆழ்வாரப்பன். காது சுத்தமாகக் கேட்காது. அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டார். வாளியோடு வந்து கேட்பார். எதிரே வாய் அசைந்தால் ஊற்றுவார். அசையாவிட்டால் அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

"சாம்பார்?"

"வேண்டாம்," என்றார் திரவியம்.

ஊற்றினார்.

"இன்னும் கொஞ்சம்?"

"ஐயோ, போதும் போதும்!"

வாய் நன்றாகவே அசைந்ததால் தாராளமாக ஊற்றினார். இலையில் வெள்ளம்.

"என்ன மனுஷன் இவர்? வேண்டாம்னு கத்துதேன், ஊத்திக்கிட்டே இருக்கார்!"

ரசம் வந்தது. திரவியம் கோபத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆழ்வாரப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். தாண்டிப் போய்விட்டார்.

"இப்ப மட்டும் ஏன் ஊத்தலை?" என்றாள் ரெபேக்காள்.

"நான்தான் வாயைத் திறக்கலையே."

"வேண்டாம்னு சொன்னா ஊத்துதார். ஒண்ணுமே சொல்லலைன்னா ஊத்தலை."

"அதான் சொல்லுதேன் மேடம், அவருக்கு என்ன சொன்னோம்கிறது முக்கியமில்லை. ஏதாவது சொன்னோமாங்கிறதுதான்…"

திரவியத்தின் போன் அடித்தது.

வாயில் சோறு. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். கண் ஆழ்வாரப்பனின் வாளி மேலேயே இருந்தது. அந்த முதுகிலேயே அவர் மனசு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ம்," என்றார் போனில். "ம்… ம்."

வைத்துவிட்டார்.

"யாரு?" என்றாள் ரெபேக்காள்.

"மாடக்கண்ணு."

"என்ன கேட்டார்?"

திரவியம் யோசித்தார்.

"கவனிக்கலை மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ம்னு…"

இலையை மூடவில்லை. கை கழுவவில்லை. படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஓடினார். வேட்டி தடுக்கி ஒரு தடவை விழுந்து எழுந்தார்.

மாடக்கண்ணுவுக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. போன் கிணற்று மேட்டில் கிடக்கும். ஆள் உள்ளே.

சாம்பார்க் கையோடு கீபோர்டில் உட்கார்ந்தார். கீழக்கரிசல் பெட்டியைத் திறந்தார். மாடக்கண்ணு பொறுப்பாக எழுதிவிட்டுத்தான் இறங்கியிருந்தார்: வேண்டாம்.

"பாவி மனுஷா, எழுதாமலே இறங்கியிருக்கக் கூடாதா!" என்று திரவியம் கத்தினார். சத்தம் போட்டது மாடக்கண்ணுவைப் பார்த்து. அடித்தது தன் தலையில்.

தன் வரிக்குப் போனார். ஓடணும் என்றால் ஓடு.

ஓடணும் என்பது புரோகிராமில் அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர்தான். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வரி பார்க்கவே இல்லை. பெட்டி காலியாக இல்லாவிட்டால் ஓடும். வாய் அசைந்ததா, அதுதான் கேள்வி.

அழித்தார். புதிதாக எழுதினார்.

'ஓடணும் பெட்டியில் எழுதியிருப்பது ஆம் என்றால் மட்டும் ஓடு. வேறு எதுவானாலும் நில்.'

நீளமான வரி. அழகும் இல்லை. அனுப்பினார்.

ரெபேக்காள் மேலே ஏறி வந்து பின்னால் நின்றாள். திரையைப் படித்தாள்.

"ஆமான்னு எழுதினா?"

"ஓடாது."

"சரின்னு எழுதினா?"

"ஓடாது மேடம். ஆம். ம-வுக்கு மேல புள்ளி. அது ஒண்ணுதான்."

"நம்ம ஊர்ல யாரு அண்ணாச்சி ஆம்னு சொல்லுதா? எல்லாரும் ஆமாதானே?"

"அதுக்குத்தான் மேடம். வாய்தவறிக்கூட வராது."

மறுபடியும் போன் போட்டார். மணி போயிற்று. மறுபடியும் போட்டார். ஜன்னலுக்கு நடந்தார், கதவுக்கு நடந்தார். ஃபைல் போய்ச் சேர்ந்ததா? கரண்ட் முந்திக்கொண்டதா? உட்கார்ந்தார், எழுந்தார். கும்பிடுகிற சாமி பெயரெல்லாம் வாயில் வந்துபோனது. சாம்பார் கையில் காய்ந்து இழுத்தது.

போன் அடித்தது.

"சார்!" மாடக்கண்ணு. மூச்சு வாங்கியது. "கரண்ட் வந்துட்டு சார்! பெல்ட்டுக்குள்ள கையை விட்டிருக்கேன், மேல பல்பு எரியுது! உசுரே போயிட்டு!"

"மோட்டார்? மோட்டார் என்னாச்சு?"

"அது கெடக்கு சும்மா. ஓடலை."

திரவியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பொங்கிப் பொங்கி அழுதார். ரெபேக்காள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாடக்கண்ணு விடுவதாக இல்லை.

"அழுது என்ன சார் செய்ய? இறங்கவான்னு கேட்டேன், ம்னீங்க. சரியாயிட்டான்னு கேட்டேன், அதுக்கும் ம். அதை நம்பித்தானே இறங்குனேன்!"

"வாயில சோறு மாடக்கண்ணு. நான் காது குடுத்தே கேக்கலை. நீங்க இறங்குன பிறகுதான் சரி பண்ணினேன்."

"நல்லாருக்கு. என் கை உங்களுக்குச் சோத்துக்குத் தொட்டுக்கவா சார்?"

திரவியம் காய்ந்த சாம்பார்க் கையை வேட்டியில் துடைத்தார்.

"நான் மேல ஏறிட்டேன். இனி நீங்க சொல்லி நான் உள்ள கை வைக்க மாட்டேன். பெல்ட் பாதியில நிக்கு. பொம்பளையாளுக எல்லாம் குடத்தோட என் மூஞ்சியப் பாக்காங்க. என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

திரவியம் ரெபேக்காளைப் பார்த்தார். அவள் வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

எழுந்தார். கண்ணைத் துடைத்தார்.

"நான் அங்க வாரேன். நானே இறங்குதேன். பெல்ட்டை எப்படி மாட்டணும்னு மேல இருந்து நீங்க சொல்லுங்க. கை என் கை."

"நீங்களா?"

"போன் உங்க கையில இருக்கட்டும். நான் உள்ள கை வச்ச பிறகு பெட்டியில இருக்கிறதை அழிச்சிட்டுப் புதுசா எழுதுங்க. என் வரி சரியான்னு என் கையே சொல்லட்டும்."

"என்ன எழுத?"

"வேண்டாம்னு எழுதுங்க."

"சார்… நேத்து நான் எழுதுனதும் அதான்."

"தெரியும்."

"கரண்ட் இருக்கு சார் இப்ப."

"தெரியும்."

"நெசமாவே எழுதவா?"

ம் என்பது திரவியத்தின் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினார். கடைவாயில் ஒட்டியிருந்த கடைசிச் சோற்றுப் பருக்கையையும் சேர்த்து விழுங்கினார்.

"ஆம்," என்றார்.