விரால் குஞ்சு சிவந்த கதை

மீனும் தவளையும் கொக்கும் ஒரே பாஷையில் ஏச்சும் பேச்சுமாக இருந்த காலம் அது. அப்போது விரால் குஞ்சுகள் சிவப்பாக இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருக்கும். காலையில் என்ன தின்றது என்று வெளியே நின்றே பார்த்துவிடலாம். விராலும் மற்ற மீன்களைப் போலத் தண்ணீருக்குள்ளேயேதான் மூச்சு விட்டது. தலையை மேலே நீட்டுகிற வழக்கம் அந்தக் குளத்தில் எந்த மீனுக்கும் கிடையாது.

கிடையாது என்ன, கூடாது என்று சட்டமே இருந்தது. போட்டவர் கெளுத்தி ஆவுடையப்பன். அவருக்கு எட்டு மீசை. ஒரு மீசை வைத்திருக்கிறவர்களே சும்மா இருப்பதில்லை, எட்டு வைத்திருக்கிறவர் இருப்பாரா? தினமும் ஒருமுறை செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்.

“ம்ஹ்ஹும்! பயம் வந்தா கீழ போ. ரொம்பப் பயம் வந்தா ரொம்பக் கீழ போ. இதான் நம்ம குளத்து முறை. வெளங்குதா?”

முறையில் தப்பில்லை. கரையில் ஒரு கொக்கு நின்றது. அதன் நிழல் விழுந்ததும் சேற்றுக்குள் புகுந்தவன் பிழைத்தான், புகாதவன் கொக்கின் வயிற்றுக்குள் புகுந்தான். அதனால் யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

மேலேயும் கீழேயும் இஷ்டத்துக்குப் போய்வந்தது ஒருவன்தான். தவளை கொம்பையா. அவனுக்கு ஒரு வியாதி, யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுவான். இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு “ம்ஹ்ஹும்!” என்பான். ஆவுடையப்பன் கூப்பிடுகிறார் என்று குளமே கூடிவிடும். கூடியதும் “க்ராக்!” என்று கொக்குக் குரல். குளமே தலைகீழாகச் சேற்றுக்குள் பாயும். இவன் இலைமேல் உருண்டு உருண்டு சிரிப்பான்.

ஒரு கோடையில் குளம் சுண்டியது. ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிக்கொண்டது. அடியில் இலைகள் அழுகின. காற்று அசையாத ஒரு மப்புக் காலையில், மாடத்தி என்கிற விரால் தன் குஞ்சுகளைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பொரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எல்லாம் செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வால் அசைவு நின்று தண்ணீருக்குள் அப்படியே தொங்கின.

“அம்மா, என் வாலு எங்க?” என்றாள் கடைக்குட்டி.

“பின்னாலதான்ட்டி இருக்கு.”

“இருக்கு. சொன்னா கேக்க மாட்டேங்கு.”

எப்படிக் கேட்கும்? மூச்சு குறைந்தால் உடம்பு சிக்கனத்தில் இறங்கிவிடும். வாலுக்குப் போகிற ரத்தத்தைப் பிடித்துத் தலைக்கு அனுப்பும். ‘நீச்சலெல்லாம் அப்புறம், முதலில் உயிர் இருக்கட்டும்’ என்று அதுவாகவே முடிவெடுக்கும். நெஞ்சோ இருக்கிற கொஞ்சத்தைச் சீக்கிரம் சீக்கிரம் சுமக்கலாம் என்று மத்தளம் கொட்டும். தலைக்கும் போதாமல் போனால் கிறுக்குப் பிடிக்கும். பக்கத்தில் ஒரு கெண்டை காரணமே இல்லாமல் “ஹிஹிஹி” என்று சிரித்துக்கொண்டு வட்டமடித்தது.

ஆவுடையப்பன் மீசையெல்லாம் நடுங்க வந்தார். “ம்ஹ்... ம்ஹ்ஹும்... பயம் வந்தாச்சு. எல்லாரும் கீழ!”

எல்லோரும் கீழே போனார்கள், மாடத்தியும் குஞ்சுகளை முட்டித் தள்ளிக்கொண்டு போனாள். அழுகல் இருந்ததே அங்கேதான். மூச்சு இன்னும் முட்டியது. “இன்னும் கீழ!” என்றார் அவர்.

அப்போது கொம்பையா தொபுக்கென்று வந்து இறங்கினான்.

“ஏய், இங்க என்ன செய்யுதீங்க? மேல வாங்க! காத்து கொட்டிக் கெடக்கு!”

ஒருவரும் அசையவில்லை.

“போலே! முந்தாநாள் கொக்கு மாதிரி கத்துனவன்தான நீ?” என்றார் ஆவுடையப்பன்.

“சத்தியமா நெசம் அண்ணாச்சி!”

“நேத்தும் சத்தியம்தான் பண்ணுன!”

பாவம், அன்றைக்கு அவன் சொந்தக் குரலில்தான் பேசினான். அந்தக் குரலை யாரும் அதுவரை கேட்டதே இல்லை. இதுவும் எவன் குரலையோ பேசிக் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாடத்தி மட்டும் அவன் வாயைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தாள். அது படபடக்கவே இல்லை.

“ஏலே கொம்பையா, இங்க எல்லாருக்கும் நெஞ்சு தெறிக்கி. ஒனக்கு மட்டும் எப்பிடிலே சாவகாசமா இருக்கு?”

“இப்பத்தான் மைனி, மேல போயி ஒரு வாய் முழுங்கிட்டு வாரேன்.”

மாடத்தி கிளம்பிவிட்டாள்.

“மாடத்தி! முறையை மீறாத!”

“முறை எங்கயும் போயிராது அண்ணாச்சி. என் பிள்ள போயிரும்.”

இலையைக் கிழித்துக்கொண்டு தலையை நீட்டி, வாயைத் திறந்து, ‘ப்ளக்’ என்று காற்றை விழுங்கினாள். செவுளுக்கு மேலே சின்னதாக ஒரு பை, எதற்கென்றே தெரியாமல் பிறந்ததிலிருந்து காலியாகக் கிடந்தது. காற்று நேரே அங்கே போய் உட்கார்ந்தது. மத்தளம் கொட்டிய நெஞ்சு மெல்ல மெல்லத் தாளத்துக்கு வந்தது.

“வா தாயி, வா. வெயில் ஏறுனப்புறம்தான் மிதப்பீங்கன்னு நெனச்சேன், முந்தியே வந்துட்டியே,” என்று தேனாக ஒரு குரல். கொக்கு! மாடத்தி சட்டென்று இறங்க, அலகு வேரில் குத்தி நின்றது.

“காத்தும் இருக்கு, கொக்கும் இருக்கு,” என்றாள் கீழே வந்து.

“கொக்கை எங்கிட்ட விடுங்க மைனி,” என்றான் கொம்பையா.

எதிர்க்கரைக்குத் தாவினான். கோரைக்குள் ஒளிந்துகொண்டு, “க்ராக்! இனிமே இந்தக் குளம் என்னுதுடா!” என்றான்.

கொக்குக்குக் கழுத்து இறகு சிலிர்த்தது. “எவன்டா அவன், என் குளத்துல?” என்று பறந்து போனது.

“ஒங்கப்பன்டா!” என்றது கோரை. கொக்கு அந்தப் பக்கம் ஓடியது. “இங்கடா வெளக்கெண்ண!” என்றது இன்னொரு கோரை.

இந்தச் சண்டைக்குள் மாடத்தி குஞ்சுகளை ஒரே பந்தாகச் சேர்த்துக்கொண்டாள். அடியில் நின்று மூக்கால் முட்டி மேலே தள்ளினாள்.

“வாயைத் தெற! முழுங்கு! எறங்கு!”

ப்ளக். ப்ளக். ப்ளக். எல்லாம் விழுங்கின. கடைக்குட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. உதடு நீலம் பாரித்து, சருகு மாதிரி மிதந்தாள். மாடத்தி அவள் வயிற்றில் ஒரு முட்டு முட்டினாள். இன்னொரு முட்டு. அந்தப் பொடி வாய் லேசாகப் பிளந்தது.

ப்ளக்.

முதலில் கன்னம் சிவந்தது. அப்புறம் வயிறு. சிவப்பு விறுவிறுவென்று பின்னால் ஓடி நுனியைத் தொட்டது.

“அம்மா! வாலு வந்துட்டு!”

திரும்பிப் பார்த்தால் குஞ்சுகள் எல்லாமே சிவந்து கிடந்தன, குங்குமத்தைக் கொட்டிவிட்ட மாதிரி.

கெண்டைக்கு அந்தப் பை கிடையாது. அதுவும் மற்ற மீன்களும் மேலே வந்து, காற்று உரசுகிற மேல்தண்ணீரை வாயால் அள்ளி அள்ளிச் செவுளுக்கு அனுப்பி உயிர் பிடித்தன. கடைசியாக ஆவுடையப்பன் பக்கவாட்டில் சாய்ந்தபடி வந்து சேர்ந்தார்.

“ம்ஹ்ஹும்... பயம் வந்தா கீழ போ. மூச்சு முட்டுனா... மேல போ. ரெண்டாவது, இப்பத்தான் போட்ட முறை. வெளங்குதா?”

“ம்ஹ்ஹும்!” என்றது கோரை. இந்தத் தடவை அவரும் சிரித்துவிட்டார். மதியம் மழை கொட்டிக் குளம் தெளிந்தது.

தண்ணீர் நன்றாக இருந்தாலும் விரால் அந்தப் பழக்கத்தை விடவில்லை. குளக்கரையில் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். செக்கச்செவேலென்று ஒரு குஞ்சுப் பந்து மேலே வரும், அடியில் தாய் நிற்பாள், ‘ப்ளக்’ என்று கேட்கும். அந்நேரம் எதிர்க்கரையில் ஒரு தவளை கத்தினால் கல்லை விட்டெறியாதீர்கள், அவன் வேலையாக இருக்கிறான். கடைக்குட்டியின் வாலில் அன்று ஏறிய சிவப்புத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு விரால் குஞ்சின் மேலும், வளர்ந்து கறுக்கிற வரைக்கும், இறங்காமல் இருக்கிறது.