இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபதாவது பறவை

கோடையில் அந்தக் காட்டு ஏரி வற்றிப்போனது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மடு. அதில் கட்டாரி என்ற முதலை படுத்திருந்தது.

ஏரியில் இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது வாத்துகள் இருந்தன. அது இறகு உதிரும் காலம். ஒன்றாலும் பறக்க முடியாது. தண்ணீருக்கு மடுவை விட்டால் வேறு வழியில்லை.

கட்டாரி எல்லாப் பிராணிகளையும் கூப்பிட்டது.

"நான் நியாயஸ்தன்! தண்ணீர் வேண்டிய பறவைகள் நாளைக் காலையில் வரிசையாக நிற்கட்டும். வரிசைக்கு எத்தனை என்று நான் சொல்வேன். இரண்டு முதல் பத்து வரை எந்த எண்ணையும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்வேன். முழு வரிசைகள் மடுவில் இறங்கலாம். கடைசியில் குறையாக நிற்கும் வரிசை எனக்குச் சாப்பாடு!"

"குறையே இல்லாவிட்டால்?" என்று கேட்டது வாத்துகளின் தலைவி அல்லி.

"மடு உங்களுக்கு! நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறேன்!"

வாத்துகள் உடனே ஒத்திகை பார்த்தன. மும்மூன்றாக நின்றால் கடைசி வரிசையில் இரண்டு. ஏழேழாக நின்றால் ஆறு. பத்துப் பத்தாக நின்றால் ஒன்பது. எப்படி நின்றாலும் கடைசியில் ஓர் இடம் காலி! கடைசி வரிசைக்குப் போகமாட்டேன் என்று எல்லாம் முண்டியடித்தன. குஞ்சுகள் அழுதன.

கோரைப் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாமக்கோழி எட்டிப் பார்த்தது. கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். தன் கூட்டத்தைத் தவறவிட்டுத் தனியாகத் திரிந்த பறவை அது.

"அந்தக் காலி இடத்தில் நான் நிற்கட்டுமா?"

"நீ என்ன வாத்தா? மூஞ்சியைப் பார்!" என்று சீறியது ஒரு கிழட்டு வாத்து.

"சும்மா இருங்கள், பெரியப்பா! முதலை தலையைத்தானே எண்ணப் போகிறது, இனத்தையா?" என்றது அல்லி. பிறகு நாமக்கோழியிடம் திரும்பியது. "கணக்குத் தப்பினால் நீயும் அதன் வாய்க்குள்தான். பயமில்லையா?"

"பயம்தான். ஆனால் தனியாக இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது."

விடிந்தது.

"பத்து!" என்றது கட்டாரி. பறவைகள் நின்றன. கடைசி வரிசையும் நிரம்பியிருந்தது!

"ஒன்பது!" குறையில்லை. "எட்டு! ஏழு!" குறையே இல்லை. இரண்டு வரை இறங்கிப் பார்த்தது. முதலைக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"அப்படியானால் பதினொன்று!" என்று கத்தியது.

"பத்தோடு நிறுத்தியது நீதானே!" என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த கூழைக்கடாப் பறவை அதட்டியது. ஆமைகளும் நாரைகளும் விழுந்து விழுந்து சிரித்தன. கட்டாரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நகர்ந்தது.

வாத்துகள் மடுவை நோக்கி ஓடின. கிழட்டு வாத்து மட்டும் கரையில் நின்று, நாமக்கோழிக்கு வழி விட்டது.

"நீ முதலில் இறங்கு, தாயி!"

நம்மவர் இல்லை என்று நாம் விலக்கப் பார்க்கிறவரே நம் குறையை நிரப்புகிறவராக இருக்கலாம்.