கலைமான் கழற்றிக் கொடுத்த தோல் டவுசர்

அந்தக் காலத்தில் மான்கள் பேசின, டவுசரும் போட்டன. பேசியதை நம்புகிறவர்கள் டவுசரையும் நம்பித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் கதை நகராது.

இடம் பவேரியா. ஜெர்மனியின் தெற்கு ஓரம். மலை, புல்வெளி, மாட்டுமணிச் சத்தம், அவ்வளவுதான். இலை பழுக்கிற பருவத்தில் அங்கே பீர்த் திருவிழா நடக்கும். மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் ஒரே பந்தல், ஒரே பீப்பாய். சண்டை வந்தால் அதுவும் பொதுதான்.

திருவிழாவில் பீரைவிட உடையைப் பற்றித்தான் பேச்சு அதிகம். பெண்கள் இடுப்பை இறுக்கும் கவுன் போட்டு, அதற்கு மேல் ஏப்ரன் கட்டி வருவார்கள். தோல் டவுசர் போடும் உரிமை கலைமான்களுக்கு மட்டும். முழங்கால் வரை நீளும், தோளில் இரண்டு வார் தாங்கிப் பிடிக்கும். மனிதர்கள் பாவம், வெள்ளை நார்த்துணியில் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். குனிந்தால் கிழியும்.

தோல் டவுசருக்கு ஒரு சட்டம் உண்டு. துவைக்கக் கூடாது. சிந்திய பீர், உருகிய வெண்ணெய், மரப்பிசின், சேறு எல்லாம் அதிலேயே ஊறி, கறுத்து, மினுங்க வேண்டும். மினுக்கம் கூடக் கூட மரியாதை கூடும். சுத்தமான துணியில் பந்தலுக்குள் நுழைகிறவன் நேற்றுப் பிறந்தவன் என்று கணக்கு. அவனுக்குக் கடைசி பெஞ்சு. அது பச்சைப் பைன் மரத்தில் அவசரமாக அடித்த பெஞ்சு, பிசின் கசிந்துகொண்டே இருக்கும்.

கோர்பினியன் என்றொரு கலைமான் இருந்தான். அவனுடைய டவுசர் அவன் அப்பா போட்டது, அதற்கு முன் தாத்தா போட்டது. கழற்றித் தரையில் வைத்தால் தானாக நிற்கும். ஈ கூடக் கொஞ்சம் தள்ளித்தான் பறக்கும். அவன் பந்தலுக்குள் வந்தால் பெரிய பெரிய கொம்பர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அந்த மரியாதை தனக்கில்லை, டவுசருக்கு என்று அவனுக்குத் தெரியும். அதுதான் எரிச்சல். அந்த எரிச்சலில் டவுசரைச் சரியாகக்கூட மாட்டமாட்டான். ஒரு வார் எப்போதும் கழன்று, பின்னால் இரண்டாவது வால் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

போன திருவிழாவில் ரேசி என்ற பிணைமான், தட்டு நிறைய வெண்ணெய் உருண்டையோடு வந்தவள், அந்தத் தொங்கும் வாரில் கால் சிக்கி விழுந்தாள். வெண்ணெய் முழுக்கக் கோர்பினியனின் தொடையில். இலை மாதிரி ஒரு பெரிய கறை. ரேசி எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள். சிரித்து முடித்து அவனை மேலும் கீழும் பார்த்துச் சொன்னாள்.

"அடுத்த வருஷம் ஒழுங்கா உடுத்திட்டு வா. முதல் ஆட்டம் உன்னோடதான்."

ரேசி யாரோடு முதல் ஆட்டம் ஆடுகிறாளோ அவனைத்தான் கட்டிக்கொள்வாள் என்பது காடு முழுக்கத் தெரிந்த விஷயம். கோர்பினியனுக்குப் புல் இறங்கவில்லை. ஒழுங்கா என்றால் என்ன? வருஷம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை அசைபோட்டான். அவளிடமே போய்க் கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. கொம்பு எவ்வளவு பெரிசோ அவ்வளவு வீம்பு. கறையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள், அழுக்கு பிடிக்கவில்லை போல என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

திருவிழாவுக்கு முதல் நாள் தையல்காரன் செப்பியிடம் போனான். செப்பி ஒரு முள்ளெலி. ஊசி தேடி அலைய வேண்டியதில்லை, முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தைப்பான். கோர்பினியன் அங்கிருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தான். பச்சைக் கோட்டு தோளில் ஏறியது, கழுத்தில் நின்றது. கம்பளிக் காலுறை கெண்டைக்காலில் நிற்காமல் குளம்பு வரை சரிந்தது. இறகு வைத்த தொப்பியைக் கொம்பில் மாட்டினால், தொப்பி ஒரு கிளையிலும் இறகு வேறொரு கிளையிலும் நின்றது. காக்கை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று செப்பியே ஒரு கணம் ஏமாந்தான்.

"ஒண்ணும் வேணாம் தம்பி, இந்த டவுசரே போதும், அந்த வாரை மட்டும் மாட்டிக்கோ" என்றான் செப்பி.

"உனக்கு அழகு என்னன்னு தெரியுமா அண்ணே? உன் உடம்பு முழுக்க ஊசி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான் கோர்பினியன். நல்ல வார்த்தை சொன்னவனிடம் பேசுகிற பேச்சா இது?

வழியில் ஆலோய்ஸ் எதிர்ப்பட்டான். பந்தலுக்குப் பீப்பாய் உருட்டுகிறவன். தினமும் குனிந்து குனிந்து, தினமும் கால்சட்டை கிழிந்து, சாயங்காலம் கிழிசலை மறைக்க வேலியோரமாகவே பின்பக்கமாக நடந்து வீடு போய்ச் சேருகிற மனிதன். அன்று திருவிழாவுக்கென்று புதிதாக ஒரு வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தான். வெயிலில் அது கண்ணைக் கூச வைத்தது. இதைவிட ஒழுங்கு உண்டா என்று கோர்பினியனுக்குத் தோன்றியது. நின்று உற்றுப் பார்த்தான். ஆலோய்ஸ் அந்தத் தோல் டவுசரை உற்றுப் பார்த்தான்.

பேரம் பேசவே இல்லை. ஆளுக்கொரு புதருக்குப் பின்னால் போனார்கள், மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

"திருவிழா முடிஞ்சதும் திருப்பித் தந்துடணும்" என்றான் கோர்பினியன்.

"முடிஞ்சதும் தந்துடறேன் அண்ணே" என்றான் ஆலோய்ஸ். வாரையும் ஒழுங்காக மாட்டிக்கொண்டான். பீப்பாய் உருட்டுகிறவனுக்கு எதுவும் தொங்கக் கூடாது.

மறுநாள் கோர்பினியன் பால் மாதிரி பந்தலுக்குள் நுழைந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்ற வெள்ளாடு அவனை அடையாளமே தெரியாமல், "புதுசா? கடைசி பெஞ்சு" என்று கைகாட்டியது. உட்கார்ந்தான். பிசின் ஜில்லென்று ஒட்டியது. நடு பெஞ்சில் ஆலோய்ஸ். கொம்பர்கள் எழுந்து அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து தனக்காக யாரும் எழுந்து நின்று பார்த்திராத மனிதன், கண்ணில் நீரோடு குடித்துக்கொண்டிருந்தான்.

பாண்டு வாத்தியம் தொடங்கியது. ரேசி நீலக் கவுனில் வந்தாள். நீட்டின குவளை எதையும் வாங்கவில்லை. பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து தொடைகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். இலைக் கறையைக் கண்டதும் முகம் மலர்ந்து கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். கொம்பைக் காணோம். மீசை இருந்தது.

"ரேசி, நான் இங்க இருக்கேன்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

ரேசி திரும்பி அந்த வெள்ளையைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"ஒழுங்கா உடுத்திட்டு வரச் சொன்னியே."

"அந்த வாரை மாட்டுன்னு சொன்னேன். அதுல கால் தட்டித்தானே விழுந்தேன். கறை நான் போட்டது. அதை எதுக்குக் கழட்டினே?"

பந்தல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. செப்பி மட்டும் குவளைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். கோர்பினியனுக்குக் காது வரை சூடு ஏறியது. ஆலோய்ஸைப் பார்த்து டவுசரைக் கேட்டான். ஆலோய்ஸ் குவளையைத் தூக்கிக் காட்டி, திருவிழா இன்னும் முடியவில்லையே அண்ணே என்றான். பேச்சுப்படி அது சரிதான். அதனால்தான் கோபம் இன்னும் வந்தது. முட்டித் தள்ளுகிற ஆத்திரத்தில் கோர்பினியன் கொம்பைத் தாழ்த்திக் குனிந்தான்.

குனிந்தான், அவ்வளவுதான். டர்ரென்று ஒரு சத்தம். பாண்டு வாத்தியமே நின்றுவிட்டது. புதுக் கால்சட்டை முன்னும் பின்னும் கிழிந்து விழுந்தது. பிசின் ஒட்டிய இடத்தில் மட்டும், வாலைச் சுற்றி, வட்டமாக ஒரு வெள்ளைத் துண்டு உடம்போடு நின்றுவிட்டது. பந்தலே சிரித்தது. வெள்ளாடு பெஞ்சுக்கு அடியில் விழுந்து சிரித்தது. கோர்பினியன் ஒரே ஓட்டமாகக் காட்டுக்குள் ஓடினான். ஓட ஓட அந்த வெள்ளைத் துண்டுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

காட்டு ஓரத்தில் நின்று, டவுசரைக் கொடுடா என்று கத்தினான். பாண்டு மறுபடி முழங்கியது. ஆலோய்ஸுக்கு வார்த்தை கேட்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. வாழ்த்துகிறான் என்று நினைத்துக் குவளையை உயர்த்தினான். கோர்பினியன் இன்னும் உரக்கக் கத்தினான். கத்தக் கத்த முதலில் 'டா' தேய்ந்தது, பிறகு 'கொடு' தேய்ந்தது, கடைசியில் டவுசரும் போய், அடிவயிற்றிலிருந்து வெறும் கர்ஜனை மட்டும் மிஞ்சியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ரேசி மரங்களுக்கு இடையில் வந்தாள். நீலக் கவுனில் முள் கிழித்திருந்தது, அவள் பொருட்படுத்தவில்லை.

"இவ்வளவு பெரிய குரலை வச்சிருக்கே. ஒழுங்கான்னா என்ன அர்த்தம்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையே."

அவன் பதில் சொல்லப் பார்த்தான். கர்ஜனைதான் வந்தது. ரேசிக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த வருஷத்து முதல் ஆட்டத்தைக் காட்டு ஓரத்திலேயே ஆடினார்கள். பாண்டு தூரத்திலிருந்து கேட்டது. மிதிபட அந்த வார் இல்லை.

ஆலோய்ஸ் திருப்பித் தரவே இல்லை. கேட்டால், அடுத்த வருஷமும் இருக்கிறதே, திருவிழா எங்கே முடிந்தது என்பான். அன்று முதல்தான் மானுக்குப் பின்பக்கம் வட்டமாக ஒரு வெளுப்பு. இலை பழுக்கும்போது கலைமான் காட்டு ஓரத்தில் நின்று டவுசரைக் கேட்டுக் கத்துகிறான், பிணைமான் வந்து சேருகிறாள். பந்தலில் தோல் டவுசர் போட்ட மனிதன் வாழ்த்து என்று நினைத்துக் குவளையை உயர்த்துகிறான். டவுசரை மட்டும் துவைப்பதில்லை. கறை போய்விட்டால் தனக்கு யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.