கிணற்றுக்குள் ஒரு மண்வெட்டி

ஆசிரமம் என்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் அன்றைக்கு வந்திருந்தால் வழுக்கி விழுந்திருப்பார்கள். கிணற்றைத் தூர் வாரி முடித்திருந்தார்கள். முற்றமெல்லாம் கறுப்புச் சேறு.

கனகசபாபதி விழவில்லை. வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து கிணறு வரைக்கும் கொக்கு மாதிரி நடந்து வந்தார். அறுபது வயது. ஓசூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை. ராக்கெட்டின் தலையில் பொருத்தி மனிதர்களை விண்வெளிக்கு அனுப்புகிற கலம் செய்கிறவர்.

அவருடைய குரு மங்களேஸ்வரி அவரைவிட வயதில் நன்றாகவே சின்னவர். இருந்தாலும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். தீட்சை வாங்கிய நாளில், குரு சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கொடுப்பது சுலபம்.

“அம்மா, நாளைக்குக் கோர்ட்டுல கேஸ். ஜெயிக்கணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க.”

அம்மா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். “யார் மேல கேஸ்?”

“கவர்மென்ட் மேல. ஆட்களை விண்வெளிக்குக் கூட்டிட்டுப் போய் வர்ற வேலையைத் தனியாருக்குக் குடுக்கறாங்க. நாங்களும் இன்னொரு கம்பெனியும் போட்டி போட்டோம். கான்ட்ராக்டைத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்டாங்க.”

“அவன் நல்லா செஞ்சிருப்பான்.”

“எங்கே செஞ்சான்?” கனகசபாபதிக்குச் சுர்ரென்று ஏறியது. “ராக்கெட் தீப்பிடிச்சா, ஆட்கள் இருக்கிற கலம் தனியாப் பிச்சுக்கிட்டு வந்து பாராசூட்ல இறங்கணும். அதை முதல்ல செஞ்சு காட்டினாத்தான் கான்ட்ராக்ட். டெண்டர்லயே அப்படித்தான் போட்டிருக்கு. இவன் அப்புறமாக் காட்டறேன்னான். அவங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டாங்க. மனுஷ உயிர்மா! விளையாட்டா?”

“யார் போகப் போறா அதுல?”

“விமானப்படைப் பசங்க. தங்கமான பசங்க.”

“அவங்க கேஸ்ல யார் பக்கம்?”

“அவங்க கேஸ்லயே இல்லைம்மா.”

“ஓகோ.” அம்மா இன்னொரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். “நீங்க செஞ்சு காட்டிட்டீங்களா?”

கனகசபாபதி வேட்டி விளிம்பில் தெறித்திருந்த சேற்றைப் பார்த்தார்.

“நாங்களும் அப்புறமாக் காட்டறோம்னுதான் கேட்டோம். எங்களுக்கு முடியாதுன்னுட்டாங்க.”

“சரி. இப்ப கோர்ட்டுல என்ன கேக்கறீங்க?”

“அவனுக்குக் குடுத்த சலுகையை எங்களுக்கும் குடுத்து, டெண்டரை மறுபடி பார்க்கணும்னு. அவனுக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா?”

அம்மா எழுந்துபோய், கப்பியில் தொங்கிய பெரிய கூடையைச் சுவருக்கு இழுத்தார்.

“தூர் வாரினவங்க மண்வெட்டியை உள்ளேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் இறங்கி எடுத்துட்டு வந்துடுங்க.”

வாக்குக் கொடுத்தாயிற்றே. கனகசபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைக் கூடைக்குள் வைத்தார். கீழே, பாதாளத்தில், துளியூண்டு தண்ணீர் மின்னியது. அப்போதுதான் அவருக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டார். அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார். புத்தம் புதுசு. கடைக்காரன் ஒட்டிய சீட்டைக்கூட யாரும் பிய்க்கவில்லை.

“அவங்க இதுலதான் இறங்கினாங்களா?”

“இல்லை. அவங்க கயிறை அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது காலையில வாங்கினது.”

“கனம் கட்டி இறக்கிப் பார்த்தாச்சா?”

“அப்புறமாப் பார்த்துக்கலாம்.”

“அப்புறமாவா? நான் உள்ளே போனதுக்கு அப்புறம் என்னத்தைம்மா பார்க்கறது?”

“பக்கத்துல கீழ்மடத்துலயும் இதே கடையிலதான் கயிறு வாங்கினாங்க. அங்கே யாரும் இழுத்துப் பார்க்கலை. ஆளை இறக்கிட்டாங்க.” அம்மா கயிற்றின் மறுமுனையை அங்கே நின்ற இரண்டு சமையல்காரர்களிடம் கொடுத்தார். “அவங்களுக்கொரு நியாயம், நமக்கொரு நியாயமா? ஏறுங்க.”

ஒரு சமையல்காரர் சிரிப்பை அடக்குவதற்காக இருமினார்.

கனகசபாபதி காலை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் போன் அடித்தது. வக்கீல்.

“சார், நாளைக்கு எல்லாம் ரெடி. நமக்கும் அந்தச் சலுகை வேணும்னு அடிச்சுப் பேசிடறேன்.”

“வேண்டாம் வக்கீல் சார். யாருக்குமே அது கூடாதுன்னு கேளுங்க. செஞ்சு காட்டினாத்தான் கான்ட்ராக்ட்.”

போனில் வந்த கத்தல் சமையல்காரர்களுக்கே கேட்டது. “தெரிஞ்சுதான் பேசறீங்களா? ரெண்டு பேருமே இன்னும் செஞ்சு காட்டலையே! அவங்களும் அவுட், நாமும் அவுட்! டெண்டரே ரத்தாயிடும். இன்னும் எத்தனையோ வருஷத்துக்கு ஒருத்தரும் மேலே போக முடியாது!”

கனகசபாபதி போனைக் கையால் பொத்திக்கொண்டார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

“அவர் சொல்றதும் வாஸ்தவம்தானேம்மா? நான் கண்ணை மூடறதுக்குள்ள நம்ம கலத்துல ஒருத்தர் போய்ட்டு வர்றதைப் பார்த்துடணும்னு இருக்கேன்.”

அம்மா ஒரு காலிச் சாக்கை அவர் கையில் திணித்துவிட்டுச் சேற்றுக் குவியலைக் காட்டினார்.

“உங்க கனத்துக்கு அள்ளிப் போடுங்க. முதல்ல இது இறங்கி ஏறட்டும். மண்வெட்டி எங்கேயும் ஓடிப் போயிடாது.”