அரக்கு உருகாத வெந்நீர்

கடலைப் பார்த்துக் கோட்டை கட்டிக்கொண்டு, கடலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல் ஆண்ட ராஜா ஒருத்தர் முன்னொரு காலத்தில் இருந்தார். ஊர் பவழத்துறை. ராஜா பேர் மகரகேது. நல்லவர்தான், ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடக்கணும். காலையில் கிரீடம் கனக்கிறது என்பார், மத்தியானம் தலை வெறிச்சென்று இருக்கிறது என்பார்.

அவர் குளியல் இருக்கிறதே, அது ஒரு தனிக் கூத்து. கரைத் தண்ணீர் அழுக்காம்! விடிந்ததும் ஒரு படகு நடுக்கடலுக்குப் போய் மண்குடங்களில் தண்ணீர் மொண்டு வரவேண்டும். யாராவது விஷம் கலந்துவிட்டால்? அதனால் படகிலேயே ஒரு காவலர் குடத்தின் வாயை மூடி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைப்பார். ராஜா தன் கையால் முத்திரையை உடைப்பார். உடைத்த குடம் நேரே அவர் தலையில் கவிழும்.

அந்தப் படகுக்குச் சுக்கான் பிடித்தவன் மருதப்பன். ஒருநாள் அவன் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னான்.

"சாத்தாயி, கடல் சரியில்லே புள்ளே. நாலு நாளா வெளித்தண்ணியிலே கையை வெச்சா வெதுவெதுன்னு இருக்கு. காத்து துளி இல்லே. ஆனா அலை மட்டும் ஆளுயரத்துக்கு, ஒண்ணு வந்து ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணா வருது. தூரத்திலே பெரிய காத்து கிளம்பிடுச்சு."

"நாளைக்கு ராஜா நாப்பது படகோட முயல்தீவுக்கு ஒரு வார விருந்துக்குப் போறாராமே?"

"முதல் படகுக்குச் சுக்கான் நான்தான். விருந்து ஏற்பாடு பண்ற பராங்குசர்கிட்டே சொன்னேன். கோழைன்னு விரட்டிட்டார்."

நாப்பது படகென்றால் நாப்பது வீட்டு ஆம்பளைகள்! சாத்தாயி மீன் கூடையை இறக்கி வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

சபையில் பராங்குசர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ராஜாவின் குளியலும் விருந்தும் இவர் பொறுப்பு. வேறு யாராவது ராஜாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. தீவு விருந்தும் இவர் ஏற்பாடுதான்.

"மகாராஜா, நாளைக்குப் படகு இறக்காதீங்க. புயல் வருது" என்றாள் சாத்தாயி.

"ஏ பொம்பளே! வெளியே எட்டிப் பார். துறையில் கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிறது" என்றார் பராங்குசர்.

"அதுதானுங்க பயமா இருக்கு. நடுக்கடல் தண்ணி சூடேறிக் கிடக்கு."

ராஜா கடகடவென்று சிரித்தார். "கடல் எனக்குத் தெரியாதா அம்மா? தினமும் அதில்தானே குளிக்கிறேன்! அதுவும் இந்த நாலு நாளாக என்ன சுகம் தெரியுமா? நம் பராங்குசர் சந்தனக் கட்டையில் அடுப்பு மூட்டி, தண்ணீரை இதமாகக் காய்ச்சித் தருகிறார். அவர் கழுத்தில் பதக்கம் மின்னுகிறதே, அது அதற்காக நான் போட்டது."

சாத்தாயி பராங்குசரைப் பார்த்தாள். அடப்பாவி மனுஷா! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

"அப்போ நான் சொன்னது தப்புதானுங்க. ஒரே ஒரு சந்தேகம். குடத்து முத்திரையை யாருங்க உடைக்கிறது?"

"நான்தான். வேறு யார் தொட்டாலும் தலை போகும்."

"இந்த நாலு நாளும் அரக்கு எப்படி இருந்துச்சு?"

"கல்லு மாதிரி. என் நகமே பேர்ந்துவிட்டது, பார்!"

"அப்படியா! அரக்கு உருகாம குடத்தைக் காய்ச்சின அந்த அடுப்பை எனக்கும் ஒருதரம் காட்டச் சொல்லுங்க மகாராஜா. மீன் குழம்புக்கு ஆகும்."

ராஜா மெதுவாகத் திரும்பினார். "என்ன பராங்குசரே? என் முத்திரையை உடைத்தீரா, இல்லை அடுப்பே மூட்டவில்லையா?"

உடைத்தேன் என்றால் தலை போகும். பராங்குசர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "மூட்டவே இல்லை பிரபோ! அது வரும்போதே வெதுவெதுப்பாகத்தான் வந்தது. தாங்கள் புகழ்ந்ததும், நான்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்!"

"அதாவது, கடலே சூடேறித்தான் கிடக்கிறது" என்று ராஜா முனகினார். கூடவே வீம்பும் எட்டிப் பார்த்தது. "சரி, மூன்று நாள் பொறுக்கிறேன். காற்று வராவிட்டால் நீயும் உன் புருஷனும் இந்தத் துறையிலேயே இருக்கக் கூடாது."

படகுகளை மணல்மேட்டில் ஏற்றிக் கட்டினார்கள். முதல் நாள் சுள்ளென்று வெயில். இரண்டாம் நாளும் அதே வெயில். பராங்குசர் மாடத்தில் நின்று வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். சாத்தாயிக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. மூட்டை முடிச்சைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் உச்சிவேளையில் கிழக்கே கறுத்தது. அப்புறம் அடித்தது பாருங்கள் காற்று! தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கோட்டை ஓடுகள் பறந்தன, முயல்தீவில் போட்டிருந்த விருந்துப் பந்தல் இருந்த இடமே தெரியவில்லை. ராஜா ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நான் அங்கே இருந்திருப்பேனே, நான் அங்கே இருந்திருப்பேனே" என்று புலம்பினார்.

நாப்பது படகும் மணல்மேட்டில் பத்திரமாக இருந்தன. ஒரு வீட்டிலும் அழுகைச் சத்தம் இல்லை.

காற்று அடங்கியதும் பதக்கம் பராங்குசர் கழுத்திலிருந்து சாத்தாயி கழுத்துக்கு வந்தது. "வேறென்ன வேண்டும், கேள் அம்மா" என்றார் ராஜா.

"சுக்கான் பிடிக்கிறவன் வேண்டாம்னா படகு இறங்கக் கூடாதுங்க. ராஜாவே சொன்னாலும்."

"சரி, அப்படியே. பராங்குசரே, நீர் இனி தினமும் தண்ணீர்ப் படகில் போகிறீர். கடலில் கையை வைத்துப் பார்த்து, சூடா குளிரா என்று என்னிடம் உண்மையைச் சொல்லவேண்டும்."

மறுநாள் பராங்குசர் குமட்டிக்கொண்டே போய், குமட்டிக்கொண்டே குடத்தோடு திரும்பினார். ராஜா முத்திரையை உடைத்தார். குடம் தலையில் கவிழ்ந்தது. புயல் கலக்கிவிட்டுப் போன கடலாயிற்றே, அடித்தண்ணீர் மேலே வந்து சில்லிட்டுக் கிடந்தது!

"ஐயோ குளிருதே!" என்று ராஜா துள்ளிக் குதித்தார். "யார் செய்த வேலை இது?"

பராங்குசர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அலறினார். "சத்தியமாக நான் ஒன்றுமே செய்யவில்லை மகாராஜா!"