குழாயும் கேனும்

“டீச்சர், ஆப்பா வெப்சைட்டா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிருங்க. மண்டை காயுது எனக்கு.”

அமலதாசுக்கு நாற்பத்தெட்டு வயது. மெர்லின் டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவள். இருந்தாலென்ன, கம்ப்யூட்டர் வித்தையில் அவள்தான் குரு.

கடலில் எந்நேரம் காற்று எழும்பும் என்று மீனவர்களுக்குச் சொல்ல அவர் ஓர் ஆப் செய்திருந்தார். சொந்த அண்ணன் சூசையே அதைப் போனில் ஏற்றவில்லை.

“ஏலே, போன்ல இடமில்ல. பேத்தி படத்த அழிச்சிட்டு உன் ஆப்ப வைக்கச் சொல்லுதியா?”

சரியென்று அதையே வெப்சைட்டாக மாற்றினார். லிங்க்கைத் தொட்டால் போதும், திறந்துவிடும். சூசையும் ஆசையாகத்தான் தொட்டார். கரை தாண்டியதும் சிக்னல் போச்சு, பக்கம் வெள்ளையாகிப் போச்சு. அன்றைக்குக் காற்றில் மாட்டிய படகு கவிழாமல் வந்தது மாதா புண்ணியம்.

“அண்ணன் மறுபடி கடலுக்குக் கிளம்பிட்டாரு டீச்சர். பயமா இருக்கு.”

மெர்லின் சட்டென்று எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கடற்கரைக்கு நடந்தாள். பின்னாலேயே இவரும் ஓடினார்.

சூசை படகில் தண்ணீர்க் கேனை ஏற்றப் போனார். அவள் அதை வாங்கி, மூடியைத் திறந்து, மணலில் கவிழ்த்துவிட்டாள். அடக் கொடுமையே, ஒரு சொட்டு மிச்சமில்லை!

“டீச்சர், என்ன செய்யுதிய? தண்ணியில்லாம எப்படிக் கடலுக்குப் போவேன்?”

“அதான் கரையில குழாய் இருக்கே அண்ணாச்சி.”

“குழாய் கடலுக்கு வருமா?”

“அப்ப அதப் பிடுங்கிப் படகுல வச்சிக்கோங்க.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு? குழாய எதுக்குப் பிடுங்கணும்? போகும்போது கேன்ல பிடிச்சிட்டுப் போனா ஆச்சு!”

அமலதாஸ் சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

“அண்ணே, இன்னைக்கு ஒருநாள் போகாதிய. நாளைக்குப் போலாம்” என்று கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு, வெப்சைட்டுக்கும் ஒரு கேன் செய்ய வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் விடிகாலை, கரையில் நின்றே சூசை லிங்க்கைத் தொட்டார். அன்றைய காற்று விவரம் முழுக்கப் போனுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பேத்தி படம் ஒன்றுகூட அழியவில்லை.

நடுக்கடலில் சிக்னல் போனது. பக்கம் போகவில்லை.

மதியம் காற்று எழும்புவதற்குள் படகு கரையேறியது. அமலதாசுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

சூசை கேனைத் தம்பியிடம் நீட்டினார்.

“தண்ணி மிச்சமிருக்குலே. டீச்சருக்குக் குடு. கொட்டிராம பாத்துக்கோ.”